அளக்கிற கை யாருடையது?

நாலு வருஷத்துக்கு ஒரு முறை அமெரிக்காவில் ஜனாதிபதித் தேர்தல் நடக்கிறது. அதற்கு முன்பாக அங்கே இன்னொரு தேர்தல் நடக்கிறது. ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளர் யாரென்று முடிவு செய்ய, மாநிலம் மாநிலமாக ஓட்டெடுக்கிறது. அதற்குப் பிரைமரி என்று பெயர். அந்த ஓட்டு நேரே வேட்பாளரைத் தேர்ந்தெடுத்துவிடாது. ஓட்டைப் பார்த்துப் பிரதிநிதிகளைப் பங்கிடுவார்கள். அந்தப் பிரதிநிதிகள் கோடைகாலத்தில் ஒரு நகரத்தில் மகாநாடு கூடி வேட்பாளரை நிச்சயிப்பார்கள். எனவே இவருக்கு எத்தனை பிரதிநிதி, அவருக்கு எத்தனை பிரதிநிதி என்று பத்திரிகைகள் மாதக்கணக்கில் கணக்கு எழுதும். யார் ஜெயிப்பார் என்று ஆள் விட்டு ஊர் ஊராகக் கருத்துக் கேட்டு அந்தக் கணக்கையும் எழுதும்.

நம் ஊர்ப் பத்திரிகைகளும் அதை எடுத்துப் போடுகின்றன. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அதைப் படிக்கும் தோழர், அமெரிக்காக்காரன் கணக்கில் நமக்கென்ன என்று தாளைப் புரட்டிவிடுகிறார். புரட்ட வேண்டாம், தோழரே! அந்தக் கணக்கு நமக்கு அந்நியமானதல்ல. பிரதிநிதிகளை எண்ணுவது யார், எந்த ஊரில் வைத்து எண்ணுவது, யாரை எண்ணாமல் விடுவது என்ற சண்டையை நம் திருநெல்வேலிச் சீமைக்காரர் ஒருவர் 1907ஆம் வருஷத்திலேயே நேரில் நின்று பார்த்தார். அதிலே தோற்றார். தோற்றுத் திரும்பி வந்து, எண்ணப்படாதவர்களை எழுப்பிக் காட்டினார்.

அவர்தான் ஒட்டப்பிடாரம் வ. உ. சிதம்பரம் பிள்ளை. கப்பலோட்டிய தமிழன் என்று ஊர் அறியும். செக்கிழுத்த செம்மல் என்று நாடு அறியும். ஒரு ஸ்தாபனத்துக்குள் பெரும்பான்மை என்பது எப்படி உண்டாக்கப்படுகிறது, எப்படி உடைக்கப்படுகிறது என்பதற்கும் அவருடைய வாழ்க்கை ஒரு பாடம். அந்தப் பக்கத்தைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

வக்கீல் வீட்டுப் பிள்ளை

1872 செப்டம்பர் 5ந் தேதி ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். தகப்பனார் உலகநாத பிள்ளை, வக்கீல். தாயார் பரமாயி அம்மாள். மகனும் சட்டம் படித்து, 1890களின் நடுவில் அதே ஊரில் வக்கீல் தொழில் தொடங்கினார். கிரிமினல் கேஸ்களில் கெட்டிக்காரர். போலீஸார் ஜோடித்த வழக்கில் மாட்டிய ஏழைக்குக் கூலி வாங்காமல் வாதாடுவார். அதனால் போலீஸுக்குக் கண்ணில் விழுந்த தூசியானார். 1900ல் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார்.

அன்றைய தூத்துக்குடி எப்படிப்பட்ட ஊர்? துறைமுகம் வெள்ளைக்காரன் கையில். கொழும்புக்குப் போகும் கப்பல் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கையில். பஞ்சு, நூல் வியாபாரம் ஹார்வி கம்பெனியின் கையில். தாமிரவருணி மலையிலிருந்து இறங்கும் இடத்தில், பாபநாசத்தில், ஆற்றுத் தண்ணீரின் விசையைக் கொண்டே 1880களில் மில் வைத்தவர்கள் ஹார்விகள். அதே கம்பெனியின் கோரல் மில் தூத்துக்குடிக் கடற்கரையில் சங்கு ஊதியது. மலையடிவாரம் முதல் கடற்கரை வரை, ஆறு ஓடும் நீளமெல்லாம் அவர்கள் ஆதிக்கம்.

இந்த ஆதிக்கத்தின் கழுத்தில் கை வைத்தார் சிதம்பரனார். 1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் 10 லட்ச ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்கு. பாண்டித்துரைத் தேவர் தலைவர், சிதம்பரனார் உதவிக் காரியதரிசி. 1907ல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தன. வெள்ளைக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. சுதேசிக் கம்பெனியும் குறைத்தது. கடைசியில் இலவசமாகவே ஏற்றிப் போவதாகவும், கூடவே ஒரு குடை தருவதாகவும் வெள்ளைக் கம்பெனி ஆசை காட்டியது.

இந்தப் போட்டியில் சுதேசிக் கப்பல் எதன் பலத்தில் மிதந்தது? ஜனங்களின் சுதேசி உணர்ச்சிதான் அதன் நீராவி. அந்த உணர்ச்சிக்கு ஒரு தேசிய முத்திரை இருந்தது. 1906 கல்கத்தா காங்கிரஸ் சுயராஜ்யம், சுதேசி, அந்நியப் பொருள் விலக்கு, தேசியக் கல்வி என்ற நாலு தீர்மானங்களை நிறைவேற்றியிருந்தது. அந்த முத்திரை அழிந்தால் கப்பலுக்கும் ஆபத்து. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சூரத்துக்கு அவர் ஏன் போனார் என்பது அப்போதுதான் விளங்கும்.

பிரதிநிதி என்றால் யார்?

அந்தக் காலத்துக் காங்கிரஸ் இன்றைய கட்சிகளைப் போன்றதல்ல. மெம்பர் சீட்டு கிடையாது. கிளைக் கமிட்டி கிடையாது. வருஷத்துக்கு ஒரு முறை டிசம்பர் மாதத்தில் மூன்று நாள் கூடிக் கலையும் சபை அது. ஊரில் ஏதாவது ஒரு சங்கமோ பொதுக்கூட்டமோ நாலு பேரைத் தேர்ந்தெடுத்தால் அவர்கள் பிரதிநிதிகள். 1885ல் முதல் காங்கிரஸுக்கு வந்தவர்கள் 72 பேர். நாலே வருஷத்தில், 1889ல், பம்பாயில் கூடியவர்கள் சரியாக 1,889 பேர்! கூட்டம் பெருகிப் போயிற்றே என்று ஜனத்தொகையில் பத்து லட்சத்துக்கு ஐந்து பிரதிநிதிகள் என்று வரம்பு கட்டிப் பார்த்தார்கள். வரம்பு கட்டியும் நடைமுறையில் இறுக்கம் இல்லை.

இப்படிப்பட்ட ஏற்பாட்டில் யாருக்குச் சௌகரியம்? எந்த ஊரில் காங்கிரஸ் கூடுகிறதோ அந்த ஊர்க்காரர்களுக்கு. அவர்கள் வீட்டிலிருந்து நடந்தே பந்தலுக்கு வரலாம். தூரத்து மாகாணத்துக்காரன் ரயில் கட்டணம் கொடுத்து, பிரதிநிதிக் கட்டணம் கட்டி, சத்திரத்தில் தங்கி, வக்கீலாக இருந்தால் கேஸை விட்டு வரவேண்டும். கூலிக்காரன் வரவே முடியாது. வந்தாலும் நடவடிக்கை பெரும்பாலும் இங்கிலீஷில் நடக்கும். ஆகவே ஊரைத் தேர்ந்தெடுத்தவன் பாதிக் கணக்கைத் தேர்ந்தெடுத்தவன்.

தாமிரவருணிக் கரையில் கார் அறுவடையும் பிசான அறுவடையும் பார்த்தவர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. நெல் ஒன்றுதான், களம் ஒன்றுதான். மரக்காலைக் குவித்து அளந்தால் ஒரு கணக்கு, தலை தட்டி அளந்தால் இன்னொரு கணக்கு. உழைத்தவன் பார்த்துக்கொண்டே நிற்பான், அளக்கிற கை தன் இஷ்டம் போல் அளக்கும்.

நாகபுரியிலிருந்து சூரத்துக்கு

1907 காங்கிரஸ் நாகபுரியில் கூடுவதாக முடிவாகியிருந்தது. காங்கிரஸுக்குள் அப்போது இரண்டு பிரிவு. சர்க்காரிடம் மனுப் போட்டு மெல்ல மெல்ல உரிமை கேட்பவர்கள் மிதவாதிகள். ஜனங்களைத் திரட்டிப் போராட வேண்டும் என்பவர்கள் திலகரின் தீவிரக் கட்சியார். நாகபுரியில் தீவிரக் கட்சிக்குச் செல்வாக்கு அதிகம். காங்கிரஸ் தலைவராகத் திலகர் வரவேண்டும் என்று அவர்கள் நின்றார்கள். மிதவாதிகளின் ஆள் கல்கத்தா வக்கீல் ராஷ் பிஹாரி கோஷ். நாகபுரி வரவேற்புக் கமிட்டியில் இதனால் குழப்பம் மூண்டது.

மிதவாதத் தலைவர்கள் என்ன செய்தார்கள்? பம்பாயில் பிரோஸ்ஷா மேத்தா வீட்டில் கூடி, மகாநாட்டையே சூரத்துக்கு மாற்றிவிட்டார்கள். சூரத் மிதவாதிகளின் கோட்டை. இன்னொரு லாபமும் உண்டு. எந்த மாகாணத்தில் காங்கிரஸ் கூடுகிறதோ அந்த மாகாணத்தான் தலைவராகக் கூடாது என்பது வழக்கம். சூரத் இருந்தது பம்பாய் மாகாணத்தில். திலகரும் பம்பாய் மாகாணத்துக்காரர். ஊரை மாற்றியதுமே திலகரின் பெயர் தானாக அடிபட்டுப் போயிற்று! ஓட்டெடுக்கவில்லை, விவாதம் நடக்கவில்லை. களத்தை மாற்றியே கணக்கை முடித்துவிட்டார்கள்.

தீவிரக் கட்சியார் சளைக்கவில்லை. நாடு கடத்தப்பட்டு மாந்தலேயிலிருந்து அப்போதுதான் விடுதலையான லாலா லஜபதிராயின் பெயரை முன்வைத்தார்கள். லஜபதிராய் தாம் போட்டிக்கு நிற்க விரும்பவில்லை. ஆனாலும் சண்டை ஓயவில்லை. கல்கத்தாவின் நாலு தீர்மானங்களை மிதவாதிகள் சூரத்தில் நீர்த்துப்போகச் செய்துவிடுவார்கள் என்ற பயம் பரவியிருந்தது. தலைவர் போட்டியின் அடியில் இருந்த விஷயம் அதுதான்.

எனவே இரண்டு பக்கமும் பிரதிநிதிகளைச் சேர்த்தார்கள். சென்னையில் இந்தியா பத்திரிகையை நடத்திவந்த பாரதியார் தென்னாட்டிலிருந்து தீவிரக் கட்சியினரைத் திரட்ட முனைந்தார். தூத்துக்குடியிலிருந்து சிதம்பரனார் கிளம்பினார். கப்பல் கம்பெனி உதவிக் காரியதரிசிக்கு வேலை தலைக்கு மேல் இருந்த நேரம் அது. இருந்தும் போனார். சுதேசித் தீர்மானத்துக்கு ஒரு கை தூக்கவேண்டிய இடத்தில் தம் கை இல்லாமல் போகக்கூடாது என்று எண்ணுகிற மனிதர் அவர்.

1907 டிசம்பர் 26. தபதி நதிக்கரையில் பந்தல். 1,600 பிரதிநிதிகளுக்கு மேல். ராஷ் பிஹாரி கோஷின் பெயரைப் பிரேரேபித்தார்கள். ஆதரித்துப் பேசச் சுரேந்திரநாத் பானர்ஜி எழுந்தார். கூச்சல் எழுந்தது. சபை மறுநாளைக்கு ஒத்திவைக்கப்பட்டது. மறுநாள் திலகர் தாம் ஒரு திருத்தம் கொண்டுவர விரும்புவதாக முன்கூட்டியே சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். அதற்குப் பதில் இல்லை. கோஷ் தலைமை நாற்காலியில் அமர்த்தப்பட்டார். திலகர் மேடையேறிக் கைகட்டி நின்றார். பேச அனுமதியில்லை, இறங்கவும் அவர் தயாரில்லை. எங்கிருந்தோ ஒரு செருப்புப் பறந்து வந்து பானர்ஜி மீதும் மேத்தா மீதும் பட்டது. நாற்காலிகள் பறந்தன. போலீஸ் புகுந்து பந்தலைக் காலி செய்தது. 22 வருஷத்துக் காங்கிரஸ் இரண்டாகப் பிளந்தது.

தீவிரக் கட்சியார் தனியே கூடினார்கள். அரவிந்தர் தலைமை வகித்தார். சென்னை மாகாணத்தில் புதிய கட்சியின் வேலையை நடத்தும் பொறுப்புச் சிதம்பரனாரிடம் வந்தது.

பந்தலுக்கு வெளியே இருந்தவர்கள்

தோழர்களே, இங்கேதான் அந்த மனிதரின் பெருமை இருக்கிறது. சூரத்தில் தோற்ற பலர் ஊருக்குத் திரும்பி, யார் செருப்பை எறிந்தது என்று வருஷக்கணக்கில் விவாதம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். சிதம்பரனார் அந்த விவாதத்தில் காலம் கழிக்கவில்லை. 1908 தொடக்கத்தில் திருநெல்வேலியில் தேசாபிமான சங்கம் கண்டார். பிப்ரவரியில் சுப்பிரமணிய சிவா வந்து சேர்ந்தார். தூத்துக்குடிக் கடற்கரையில் நாள்தோறும் கூட்டம். பந்தல் இல்லை, பிரதிநிதிக் கட்டணம் இல்லை, இங்கிலீஷ் இல்லை. மணல்மேட்டில் உட்கார்ந்தவர்கள் மூட்டை தூக்குபவர்கள், வண்டிக்காரர்கள், மில் தொழிலாளிகள். சூரத்துப் பந்தலின் கணக்கில் இவர்களில் ஒருவருக்குக்கூட இடமில்லை.

கோரல் மில் தொழிலாளிகளின் நிலை சொல்லத் தரமன்று. விடிவதற்கு முன் உள்ளே போனால் பொழுது சாய்ந்துதான் வெளியே வருவார்கள். வார விடுமுறை கிடையாது. கூலியோ அரை வயிற்றுக் கூலி. 1908 பிப்ரவரி 27ந் தேதி வேலைநிறுத்தம் தொடங்கியது. சுமார் ஆயிரம் தொழிலாளிகள் வெளியே வந்தார்கள். சிதம்பரனாரும் சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றார்கள். ஊர் முழுவதும் ஆதரவு கொடுத்தது. பத்து நாளுக்குள் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்வு, வேலை நேரக் குறைப்பு, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை எல்லாவற்றுக்கும் சம்மதித்தது. தமிழ்நாட்டுத் தொழிலாளி வர்க்கத்தின் ஆரம்பகால வெற்றிகளில் இது தலையாயது.

மார்ச் 9ந் தேதி விபின் சந்திர பாலர் விடுதலையான நாள். கூட்டமோ ஊர்வலமோ நடத்தக்கூடாது என்று கலெக்டர் விஞ்ச் எச்சரித்தும், திருநெல்வேலியில் தாமிரவருணிக் கரையில் கூட்டம் நடந்தது. 12ந் தேதி சிதம்பரனாரும் சிவாவும் பத்மநாப ஐயங்காரும் கைது செய்யப்பட்டார்கள். 13ந் தேதி திருநெல்வேலி பொங்கி எழுந்தது. கடைகள் அடைபட்டன. முனிசிபல் ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன், தபாலாபீஸ் தீக்கிரையாயின. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். தூத்துக்குடியில் கோரல் மில் தொழிலாளிகள் மறுபடி வேலைநிறுத்தம் செய்தார்கள். இந்தத் தடவை கூலிக்காக அல்ல, கைதான தங்கள் தலைவருக்காக!

சூரத்தில் 1,600 பேரை எண்ணினார்களே, இந்தக் கூட்டத்தை எண்ணினார்களா? எண்ணவில்லை. ஆனால் வெள்ளை ஏகாதிபத்தியம் எண்ணிப் பார்த்துவிட்டது. அதனால்தான் தண்டனைப் போலீஸை ஊருக்குள் நிறுத்தி அதன் செலவை ஜனங்கள் தலையிலேயே கட்டியது. அதனால்தான் ஜட்ஜ் பின்ஹே 1908 ஜூலை 7ந் தேதி சிதம்பரனாருக்கு இரண்டு ஆயுள் தண்டனை விதித்தார். ஒன்று அவர் பேசியதற்கு. இன்னொன்று சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு. ஹைக்கோர்ட்டு அப்பீலில் அது ஆறு வருஷமாகக் குறைந்தது.

காலிப் பந்தல்

கோயமுத்தூர் ஜெயிலில் மாடு இழுக்க வேண்டிய செக்கை அந்த வக்கீல் இழுத்துக்கொண்டிருந்தபோது, வெளியே காங்கிரஸில் என்ன நடந்தது? 1908ல் மிதவாதிகள் அலகாபாத்தில் கூடிப் புது அமைப்பு விதிகளை எழுதினார்கள். காங்கிரஸின் நோக்கத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டவன்தான் பிரதிநிதியாகலாம். அங்கீகாரம் பெற்ற கமிட்டிகளும் சங்கங்களும்தான் பிரதிநிதிகளை அனுப்பலாம். அதாவது, தீவிரக் கட்சிக்காரன் உள்ளே வரும் வாசல் அடைபட்டது. இனிச் சூரத் மாதிரிச் சண்டை நடக்காது. பெரும்பான்மை எப்போதும் தங்களுக்கே. கணக்குப் பிரமாதமாகப் போட்டார்கள்!

பலன் என்ன? அந்த வருஷ டிசம்பரில் நம் சென்னையிலேயே காங்கிரஸ் கூடியது. தலைவர் அதே ராஷ் பிஹாரி கோஷ். வந்த பிரதிநிதிகள் 626. அடுத்த வருஷம் லாகூரில் 243. 1912ல் பாங்கிப்பூரில் 200 சொச்சம். அந்த 1912 டிசம்பர் 24ந் தேதிதான் சிதம்பரனார் கண்ணனூர் ஜெயிலிலிருந்து வெளியே வந்தார். இரண்டு நாள் கழித்துப் பாங்கிப்பூர்ப் பந்தலில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. ஜெயித்தவர்களிடம் விதி இருந்தது, நாற்காலி இருந்தது, ஜனங்கள் இல்லை.

அதே 1912ல் அமெரிக்காவிலும் இந்தக் கதைதான். குடியரசுக் கட்சியில் ஜனாதிபதி டாஃப்டுக்கும் முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்டுக்கும் போட்டி. பிரைமரி ஓட்டெடுப்பு அங்கே புதிதாகப் பரவிய காலம். ஓட்டெடுத்த 12 மாநிலங்களில் ஒன்பதில் ரூஸ்வெல்ட் ஜெயித்தார். அந்த மாநிலங்களில் ரூஸ்வெல்டுக்கு 278 பிரதிநிதிகள், டாஃப்டுக்கு 48. ஆனால் பெரும்பாலான மாநிலங்களில் ஓட்டெடுப்பே இல்லை. அங்கே கட்சிப் பெரிய மனிதர்கள் வைத்ததே சட்டம். 254 பிரதிநிதிகளின் இடங்கள் தகராறில் இருந்தன. தகராறைத் தீர்க்கும் கமிட்டி டாஃப்டின் ஆட்களிடம் இருந்தது. 235 இடங்களை டாஃப்டுக்குக் கொடுத்து, 19 இடங்களை ரூஸ்வெல்டுக்குக் கொடுத்தது. சிக்காகோ மகாநாட்டில் டாஃப்ட் ஜெயித்தார். கட்சி உடைந்தது. ரூஸ்வெல்ட் தனிக்கட்சி கண்டார். நவம்பரில் இருவரும் தோற்றார்கள். ஜனநாயகக் கட்சியின் வில்சன் ஜனாதிபதியானார்.

சூரத்தில் ஊரை மாற்றினார்கள், சிக்காகோவில் கமிட்டியை வைத்து அளந்தார்கள். இரண்டு இடத்திலும் அளவு ஜெயித்தது, கட்சி செத்தது. 1968ல் மறுபடி சிக்காகோவில் ஜனநாயகக் கட்சி மகாநாடு. ஒரு பிரைமரியிலும் போட்டியிடாத ஹம்ப்ரி வேட்பாளரானார். தெருவில் வாலிபர்கள் கொதித்தார்கள். அந்தத் தேர்தலிலும் தோல்வி. அதற்குப் பிறகுதான் விதிகளைத் திருத்தி, பிரதிநிதிகளைப் பெரும்பாலும் ஜனங்களின் ஓட்டே தீர்மானிக்கும் இன்றைய முறைக்கு வந்தார்கள். ஆக, இன்று பத்திரிகையில் வரும் அந்தப் பிரதிநிதிக் கணக்குக்குப் பின்னால் இத்தனை சண்டை இருக்கிறது.

வெறுங்கை வீரர்

ஜெயிலிலிருந்து வந்தவருக்கு வரவேற்பில்லை. கம்பெனி 1911லேயே முடிந்துபோயிருந்தது. கப்பல் எந்த எதிரிக் கம்பெனியோடு மோதியதோ அதற்கே விற்கப்பட்டது. பங்குக் கணக்கில் ஒரு ரூபாய்க்கு ஒரு மதிப்பு உண்டே தவிர, செக்கிழுத்த கைக்கு மதிப்பில்லை. இதுவும் ஓர் எண்ணிக்கைப் பாடம்தான். வக்கீல் சன்னதும் பறிபோயிருந்தது. சென்னையில் அரிசிக் கடையும் எண்ணெய்க் கடையும் வைத்துப் பிழைத்துப் பார்த்தார். வறுமையிலும் தமிழை விடவில்லை. திருக்குறளுக்கு மணக்குடவர் எழுதிய உரையைப் பதிப்பித்தார். பெரம்பூர்த் தொழிலாளிகளின் கஷ்டத்திலும் பங்கு கொண்டார்.

1915க்குப் பிறகு வாசல் மறுபடி திறந்தது. 1916 லட்சுமணபுரி காங்கிரஸில் பிளந்த இரண்டு பிரிவும் ஒன்றாயின. பிரதிநிதிகள் 2,300 பேர்! 1920 செப்டம்பரில் கல்கத்தாவில் விசேஷ காங்கிரஸ். காந்தியடிகளின் ஒத்துழையாமைத் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. மாகாணம் மாகாணமாகப் பிரித்து ஓட்டெடுத்தார்கள். ஆதரவு 1,800க்கு மேல். எதிர்ப்பு 900க்குச் சற்றுக் குறைவு. திலகர் ஒரு மாதத்துக்கு முன்புதான் கண் மூடியிருந்தார். திலகரின் சீடரான சிதம்பரனாரால் புதிய பாதையை ஏற்க முடியவில்லை. காங்கிரஸை விட்டு விலகினார்.

அவர் விலகியது சரியா என்று நாம் கேட்கலாம். நாடே புது வழியில் நடக்கத் தொடங்கியபோது, கடற்கரை மணலில் ஜனங்களைத் திரட்டிய அந்தக் கை அதில் சேராமல் போனது தமிழ்நாட்டுக்கு நஷ்டம்தான். ஆனால் இதையும் கவனியுங்கள். பகிரங்கமாக எண்ணப்பட்ட ஓட்டில் தோல்வி ஏற்பட்டது. அவர் பிளவு உண்டாக்கவில்லை. ஆளைத் திரட்டிப் பந்தலைக் கலைக்கவில்லை. தம் மனசாட்சியோடு ஒதுங்கி நின்றார்.

அந்த வருஷக் கடைசியில் நாகபுரியில் காங்கிரஸின் அமைப்பு விதி அடியோடு மாறியது. நாலணா கொடுத்தவன் மெம்பர். கிராமம், தாலுகா, ஜில்லா என்று கமிட்டிகள். மாகாணங்கள் மொழிவாரியாக. 50,000 ஜனங்களுக்கு ஒரு பிரதிநிதி. எங்கே மகாநாடு கூடினாலும் எந்த மாகாணத்துக்கு எத்தனை பிரதிநிதி என்று முன்கூட்டியே நிச்சயம். சூரத்தில் ஊரை மாற்றி ஜெயித்த வித்தை இனிப் பலிக்காது. 1907ல் எந்த நகரத்திலிருந்து களத்தைத் தூக்கிக்கொண்டு போனார்களோ, அதே நாகபுரியில் இந்த விதி பிறந்தது!

கோயமுத்தூரில் சில வருஷம். வெள்ளைக்கார நீதிபதி வாலஸ் என்பவர் சன்னது திரும்பக் கிடைக்க உதவியதால், கோவில்பட்டியில் மீண்டும் வக்கீல் தொழில். அந்த நன்றிக்காக மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். வெள்ளை ஆதிக்கத்தை எதிர்த்தவர், வெள்ளைக்காரனிலும் நல்லவனை அடையாளம் கண்டார். 1927ல் சேலம் ஜில்லா அரசியல் மகாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். 1932ல் தூத்துக்குடிக்குத் திரும்பினார். 1936 நவம்பர் 18ந் தேதி தூத்துக்குடிக் காங்கிரஸ் ஆபீஸில், அவருடைய விருப்பப்படி கொண்டு கிடத்தப்பட்ட இடத்தில், உயிர் பிரிந்தது.

ஒரு கோடித் தபால் அட்டை

அவர் கண் மூடுவதற்குப் பதினைந்து நாள் முன்னால் அமெரிக்காவில் ஜனாதிபதித் தேர்தல் நடந்தது. லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை அதற்கு முன் ஒரு கோடிப் பேருக்குத் தபால் அட்டை அனுப்பிக் கருத்துக் கேட்டது. 20 லட்சத்துக்கு மேல் பதில் வந்தது. குடியரசுக் கட்சியின் லாண்டன் ஜெயிப்பார் என்று பத்திரிகை அடித்துச் சொன்னது. நடந்தது என்ன? 48 மாநிலங்களில் 46ஐ பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அள்ளிக்கொண்டார்.

லட்சக்கணக்கில் எண்ணியும் கணக்கு ஏன் பொய்த்தது? டெலிபோன் வைத்திருந்தவன், மோட்டார் கார் வைத்திருந்தவன் பட்டியலைப் பார்த்து அட்டை அனுப்பினார்கள். பஞ்ச காலத்தில் டெலிபோனும் காரும் யாரிடம் இருக்கும்? வேலையில்லாத தொழிலாளியிடமா இருக்கும்? போதாக்குறைக்கு, அட்டை வந்தவர்களிலும் நாலில் ஒரு பங்குகூடப் பதில் போடவில்லை. தொழிலாளி பட்டியலில் இல்லை. ஆனால் ஓட்டுச்சாவடிக்கு வந்தான். சூரத்துப் பந்தலில் இல்லாத கோரல் மில் தொழிலாளி 1908 மார்ச்சில் தெருவுக்கு வந்தானே, அதே போல.

ஒரு வித்தியாசம் உண்டு. அமெரிக்கத் தொழிலாளிக்கு ஓட்டு இருந்தது. நம் கோரல் மில் தொழிலாளிக்குச் சிதம்பரனார் உயிரோடிருந்த நாளெல்லாம் ஓட்டில்லை. சொத்தும் வரியும் உள்ளவனுக்கே ஓட்டு என்பது வெள்ளையன் சட்டம். வயது வந்த அனைவருக்கும் ஓட்டு என்ற நிலையில் 1951-52ல் முதல் பொதுத்தேர்தல் நடந்தபோது, அவர் இறந்து பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. யாரை அவர் மணலில் உட்கார வைத்து மனிதர்களாக எண்ணினாரோ, அவர்கள் அன்றுதான் சர்க்கார் ஏட்டிலும் எண்ணப்பட்டார்கள்.

நமக்குச் சொல்வது

அவருக்குப் பின்னும் இந்தக் கணக்கு ஓயவில்லை. 1939ல் காங்கிரஸ் தலைவர் தேர்தலில் சுபாஷ் போஸுக்கு 1,580 ஓட்டு, பட்டாபி சீதாராமையாவுக்கு 1,377. ஜெயித்தும் சுபாஷால் மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்க முடியவில்லை. மேலிடத்தார் ஒத்துழைக்கவில்லை, அவர் ராஜிநாமா செய்தார். 1940ல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர் தேர்தலில் காமராஜ் மூன்றே மூன்று ஓட்டில் ஜெயித்தார், பல வருஷம் அசைக்க முடியாமல் நின்றார். 203 ஓட்டு வித்தியாசம் காப்பாற்றவில்லை, 3 ஓட்டு வித்தியாசம் காப்பாற்றியது. எண்ணிக்கைக்குப் பின்னால் நிற்கும் ஊழியர் படையைப் பொறுத்தது அது.

ஆகவே, தோழர்களே, எண்ணிக்கையை அலட்சியம் செய்யச் சொல்லவில்லை. சிதம்பரனாரும் அலட்சியம் செய்தவரல்ல. கப்பலை விட்டுவிட்டுச் சூரத்துக்கு ரயிலேறியவர் அவர். ஆனால் எந்தக் கணக்கு வந்தாலும் மூன்று கேள்வி கேட்கப் பழக வேண்டும். எண்ணியவன் யார்? எந்தக் களத்தில் வைத்து எண்ணினான்? எண்ணாமல் விட்டது யாரை? அமெரிக்கப் பிரைமரிக் கணக்காக இருந்தாலும் சரி, தேர்தலுக்கு முன் நம் ஊரில் வரும் கருத்துக் கணிப்பாக இருந்தாலும் சரி, நம் கட்சிக் கிளையில் எடுக்கும் மெம்பர் கணக்காக இருந்தாலும் சரி, கேள்வி இதே மூன்றுதான்.

மூன்றாவது கேள்விக்குப் பதில் தெரிந்தால் நம் வேலையும் தெரியும். வார்டில் வாக்காளர் பட்டியலை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போங்கள். பெயர் விட்டுப்போன பீடித் தொழிலாளி பெண்மணியைச் சேருங்கள். வேலை தேடி வெளியூர் போயிருக்கும் வாலிபனின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கிளைக் கூட்டத்துக்கு வராமல் போனவர் ஏன் வரவில்லை என்று போய்க் கேளுங்கள். நாளைக்கு எவன் மரக்காலைத் தூக்கினாலும், பொலியைச் சுற்றி உழைத்தவர்கள் நெருக்கமாக நின்றால் தலை தட்டி அளக்க அவனுக்குக் கை வராது.